இருபத்தைந்து வயது முகம்

"அக்கா, இன்னிக்கே மூஞ்சி பளிச்சுனு ஆவணும். இன்னா கிரீம் கீது?"

மண்ணூர்பேட்டை மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த ஜமீலா நிமிர்ந்தாள். எதிரே டெலிவரி டி-ஷர்ட்டில் பாண்டியன். முதுகில் சாப்பாட்டுப் பெட்டி, கையில் ஹெல்மெட். முகம் மட்டும் வெயிலில் போட்டு எடுக்க மறந்த கத்தரி வற்றல் மாதிரி இருந்தது.

"இன்னிக்கேன்னா, எத்தன மணிக்குள்ள?"

"நாலு மணிக்குள்ள."

அப்போது மணி மூன்றேகால்.

பாண்டியன் போனை நீட்டினான். 'முகம் பொருந்தவில்லை. மாலை நான்கு மணிக்குள் ஒரு முயற்சி மீதமுள்ளது' என்று டெலிவரி ஆப் மிகவும் மரியாதையாகச் சொல்லியிருந்தது.

"ஆறு மாசமா ஒண்ணியும் கேக்கல க்கா. இன்னிக்கு காலைலேர்ந்து ரெண்டு தபா செல்ஃபி கேட்டுச்சு. ரெண்டும் பெயிலு. இன்னொரு தபா பெயிலாச்சுன்னா ஐடிய மொத்தமா மூடிடுவாங்க. ஊட்ல மூணு பேருக்கும் அந்த ஒரு ஐடிதான் சோறு போட்டுகினு கீது."

திரையின் மூலையில் ஐடி போட்டோ இருந்தது. வழவழவென்ற கன்னம், கோடு விழாத நெற்றி, யார்மீதும் புகார் இல்லாத சிரிப்பு. ஜமீலா போட்டோவையும் பாண்டியனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூக்கு அதே மூக்கு. காது அதே காது. மீதியெல்லாம் வெயில் தின்னுடுச்சே! வயசு என்ன தம்பி உனக்கு?"

பாண்டியன் மின்விசிறியைப் பார்த்தான். "இருபத்தஞ்சு."

"என்னைவிட ஏழு வயசு சின்னவன்!" ஜமீலா மாத்திரைகளை ஒதுக்கி வைத்தாள். "ஒரு நாளாவது சன்ஸ்கிரீன் போட்டிருக்கியா?"

"அதெல்லாம் ஏசில வேல பாக்கறவங்க போடறதுன்னு நெனச்சேன் க்கா."

பிரஷர் மாத்திரை வாங்க வந்திருந்த மேனாம்பேடு கோமளா, பக்கத்தில் நின்ற மகளின் தோளைத் தட்டினாள். "கேட்டியா வர்ஷா? இருபத்தஞ்சாம்! மொட்ட வெயில்ல ஒண்ணுமே தடவாம ஸ்கூட்டில போறியே, நல்லா பாத்துக்கோ."

வர்ஷா நன்றாகப் பார்த்தாள். பாண்டியனும் அவள் வசதிக்காக முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினான்.

"ஐம்பது சொல்லலாம்மா" என்று கிசுகிசுத்தாள் வர்ஷா. நான்கு பேருக்கும் கேட்டது. அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ட்யூப் வாங்கிக்கொண்டு போனார்கள். விளம்பரத்துக்கு வந்த நடிகைகளால்கூட அந்தக் கடையில் ஒரே நேரத்தில் இரண்டு விற்றதில்லை.

ஜமீலா பாண்டியனிடம் திரும்பினாள். "காலைலதான மீச எடுத்த? அந்த எடம் மட்டும் எவ்ளோ வெளுப்பா இருக்கு பாரு. வெயில் படாத தோல் அப்படியே இருக்கும். தெனம் காலைல ரெண்டு வெரல் நீளத்துக்கு எடுத்து முகம், காது, கழுத்துன்னு தேய்க்கணும். மேகமா இருந்தாலும் விடக்கூடாது. வெளிய சுத்தறவன் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் போடணும்."

"தேச்சா இந்த போட்டோ மாதிரி ஆயிடுமா?"

"இது வரப்போறதத் தடுக்கும் தம்பி. வந்தத திருப்பாது."

"திருப்பறதுக்கு எதுனா?"

"அதுக்கு இன்னும் யாரும் ட்யூப் போடல."

இருந்தாலும் சாம்பிள் ட்யூபிலிருந்து அவன் உள்ளங்கை நிறையப் பிதுக்கினாள். பாண்டியன் கண்ணாடி பார்க்காமல் தேய்த்துக்கொண்டான். முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆனது. விரிசல்கள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. போனைத் தூக்கிப் பிடித்தான். கட்டைவிரல் பொத்தான்மேல் இறங்கவில்லை.

"நிறுத்து!" ஜமீலா போனைப் பிடுங்கினாள். "இருக்கற ஒரு வாய்ப்பையும் வீணாக்காத. கம்பெனி ஆபீஸ் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்லதான இருக்கு? ஆதார எடுத்துக்கிட்டு நேர்ல போ. ஆளப் பாத்து புது போட்டோ எடுத்துப்பாங்க. எங்க பக்கத்து வீட்டு கௌதம் அப்படித்தான் பண்ணான். பத்து நிமிஷ வேல."

பாண்டியன் வாசல் பக்கம் பார்த்தான்.

"என்ன யோசன? மணி மூணே முக்கால் ஆச்சு. வேணும்னா கடைய சாத்திட்டு நானே வந்து பேசறேன் தம்பி."

கிரீம் கண்ணில் இறங்கியிருக்க வேண்டும். பாண்டியன் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"நேர்ல போறதுன்னா எம்புள்ளதாம்மா போவணும். எனக்கு வயசு தாண்டிடுச்சுன்னு ஐடி தரல. போட்டோல கீறது அவன்."

ஜமீலா அவசரமாக ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உக்காருங்க... அப்ப அவர அனுப்புங்களேன்."

"லாரி இடிச்சு மூஞ்சி ரோட்டுல தேஞ்சிடுச்சும்மா, இப்ப அந்த போட்டோவுக்கு அவன் மூஞ்சிய விட என் மூஞ்சிதான் கொஞ்சம் கிட்ட கீது."