கண்ணாடியில் ஏறிய சூடு

“சத்தம் வருது, கண்ணாடி மட்டும் சூடாகல. பின்னாடி லைட்டுதான் போச்சு,” என்று டிவியோடு ஆலப்புழை ரிப்பேர் கடைக்குள் நுழையும்போதே தீர்ப்புச் சொன்னார் குட்டப்பன்.

மெக்கானிக் சோஜன், இருண்டு கிடந்த டிவித் திரையில் டார்ச் அடித்தான். படம் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது.

“சரிதான் சேட்டா! ஒரு எல்.இ.டி. பழுது. அதனால பாதுகாப்பு சர்க்யூட் எல்லா லைட்டையும் அணைச்சிடுது. அந்த சர்க்யூட்டை வெட்டிவிட்டா இப்பவே எரியும்.”

“எரியும், அப்புறம் மொத்தமும் கருகும். ஒழுங்கா எல்.இ.டி.யை மாத்து மோனே! நாளைக்கு டிவியில வள்ளம்களிப் படகுப் போட்டி இருக்கு.”

மாற்றினான். குட்டப்பன் திரையில் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்து, சூடேறியதும் சிரித்தார்.

சோஜனுக்குப் பொறுக்கவில்லை. “கோவிச்சுக்காதீங்க சேட்டா. கண்ணு தெரியாத உங்களுக்குச் சத்தம் போதாதா?”

“படம் தெரிஞ்சாத்தானேடா, தெருவே என் வீட்டுல உக்காந்து கத்தும்? தனியாக் கேக்கிறதுக்கு ரேடியோ இருக்கே!”