தண்ணீர்க் குழாய்

பதினேழு நாட்களாகத் தண்ணீர்க் குழாயில் டி.என்.ஏ. தெரிந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீர் விட்ட சோதனைக் குழாயில் எதுவுமே தெரியக் கூடாது. சோதனை சுத்தம் என்பதற்கு அதுதான் சாட்சி. விஞ்ஞானி தண்ணீரை மாற்றினாள், கையுறையை மாற்றினாள், மேசையைக்கூட மாற்றினாள். மற்றவர்கள் செய்தால் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. இருபத்திரண்டு வருடம் இரண்டாம் ஆளாகவே இருந்தவளுக்குத் திங்கட்கிழமை துறைத்தலைவர் பதவி. இந்தக் கறையோடு அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

"எவனோ தும்மியிருப்பான் மேடம்," என்றார் ஆய்வக உதவியாளர். "இங்க இருக்கிற எல்லாரோட டி.என்.ஏ.வோடயும் ஒப்பிட்டா குட்டு வெளிப்பட்டுடும்."

இப்போது வேலை செய்யும் பதினான்கு பேரில் யாருடையதும் இல்லை. பழைய ஊழியர்களின் பட்டியலில் ஒன்று அச்சாகப் பொருந்தியது.

உதவியாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "இது உங்க கூட்டாளி மேடம். அவங்க தவறி ஆறு வருஷமாச்சு. இந்தக் கட்டடமே கட்டி மூணு வருஷம்தான். அவங்க இங்க காலே வைக்கலையே! அதுவும் உங்க குழாயில மட்டும் ஏன்?"

விஞ்ஞானி கையுறையைக் கழற்றினாள்.

"எனக்குப் பேர் வாங்கிக் கொடுத்துச்சே ஒரு கட்டுரை, அது முழுக்க அவளோட வேலை. அவ செத்த மறுநாள் அதுலேர்ந்து அவ பேரை நான்தான் எடுத்தேன்."