கட்லெட் சத்தம்

"டொம்! டொம்! டொம்!"

அண்ணி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பலகையில் கிடந்த பன்றிக்கறித் துண்டை மரச்சுத்தியலால் சாத்து சாத்தென்று சாத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது ஏற்கெனவே செத்துப்போச்சு. விட்டுடுங்க," என்றாள் வாலு.

வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு ரொட்டிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நாத்தனார்.

"ஜப்பான் கட்லெட்டுன்னா சும்மாவா? அடிச்சாத்தான் கறி மெத்துன்னு வரும்."

"சமையல் வீடியோவுல அந்த ஜப்பான் ஆளு கத்தி முதுகால நாலு தட்டு தட்டுறான், அவ்வளவுதான். நீங்க கட்டடத்தை இடிக்கிறீங்க. அதுவும் சமையல் மேடை காலியா இருக்கும்போது தரையில வச்சு!"

"தரையிலதான் அடி நல்லா விழுது."

டக்! டக்! டக்!

கீழேயிருந்து பதில் வந்துவிட்டது. கீழ்வீட்டுக் கைத்தடியார் தன் தடியால் கூரையை இடிக்கிறார். கூடவே கத்தல்: "மேல குடியிருக்கிறது மனுஷங்களா, யானைங்களா?"

அண்ணி சுத்தியலைக் கீழே வைத்தாள். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"சரி, மாவை எடு."

வாலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குளிர்காலத்திலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் இதே கூத்து. லாரி எடுத்துக்கொண்டு போன அண்ணன் வாரக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் அண்ணி கீழ்வீட்டுக்காரரை வம்புக்கு இழுக்கிறாள் என்று வாலு தானாகவே முடிவு கட்டியிருந்தாள்.

கைத்தடியாரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. தனிக்கட்டை. யாரையும் வீட்டுக்குள் விடமாட்டார், யார் வீட்டுக்கும் போகமாட்டார். ஒரு தடவை குளியலறையில் வழுக்கி விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்து, குழாய்த் தண்ணீர் படிக்கட்டில் வழிந்த பிறகுதான் கட்டடத்துக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு அண்ணி சூப் கொண்டுபோனாள். கதவை ஒரு விரற்கடை திறந்து, "நான் கேட்டேனா?" என்றார். படாரென்று சாத்திவிட்டார். இப்படிப்பட்ட மனுஷனிடம் எதற்கு வம்பு?

வெள்ளிக்கிழமை வீட்டு ஓனர் வந்து நின்றார்.

"பாத்திரமெல்லாம் அதிருதுன்னு எதிர்வீட்டுல சொல்றாங்க. இன்னொரு தடவை என் காதுக்கு வந்துச்சு, வீட்டைக் காலி பண்ணிடுங்க. அவ்வளவுதான்."

அண்ணி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். அவர் படி இறங்கியதும், "ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிஷம். அதுல என்ன குறைஞ்சுபோச்சு இவங்களுக்கு?" என்றாள்.

"அண்ணி! உங்களுக்கு வீடு முக்கியமா, கட்லெட் முக்கியமா?"

அண்ணி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்கப் போய்விட்டாள். இவளிடம் பேசுவதற்கு அந்தச் சுத்தியலிடம் பேசலாம் என்று இருந்தது வாலுவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சலவைக்கடை வேலைக்குப் போன கையோடு, வாலு சுத்தியலைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு அடுப்படிக்குள் நுழைந்தாள்.

கறி ஓரத்துக் கொழுப்பில், சுருண்டுவிடாமல் இருக்க, கத்தி நுனியால் கீறிவிட்டாள். உள்ளங்கையால் அமுக்கினாள். மாவில் புரட்டி, முட்டையில் முக்கி, கடையிலிருந்து கொண்டுவந்த முதல்நாள் ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உதிர்த்து மேலே அப்பினாள். எண்ணெயில் போட்டாள். எண்ணெய் பொரிகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

மத்தியானம் வந்துவிடுகிற அண்ணி, மெஷின் மக்கர் பண்ணியதில் ரொம்ப லேட்டாகத்தான் வந்தாள். வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சுத்தியலைத் தேடினாள்.

"தேடாதீங்க. எல்லாம் முடிஞ்சது. உட்காருங்க," என்று தட்டை நீட்டினாள் வாலு. பொன்னிறத்தில் மொறுமொறுவென்று, விரல் விரலாக நறுக்கின கட்லெட். "ஒரு பொட்டுச் சத்தம் இல்ல. தொட்டுப் பாருங்க, பஞ்சு!"

அண்ணி தட்டைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

"நீ தட்டவே இல்லையா?"

"இல்ல."

"கீழேயிருந்து?"

"நாம தட்டினாத்தானே அவர் தட்டுவாரு!"

அண்ணியின் முகம் வெளிறியது. "சுத்தியல் எங்கடி?"

"தர மாட்டேன். தெருவுல நிக்கிறதுக்கு எனக்கு ஆசையில்ல."

"பைத்தியக்காரி! அந்த மனுஷன் கூப்பிட்டாலும் கதவைத் திறக்கமாட்டாரு, கேட்டாலும் பதில் சொல்லமாட்டாரு. கோபம் வந்தா மட்டும்தான்டி தடியை எடுப்பாரு. அந்தச் சத்தத்தை வச்சுத்தான் நல்லா இருக்காருன்னு நான் தெரிஞ்சுக்கிறேன். மறுபடியும் விழுந்து கிடந்தா?"

வாலு தட்டும் கையுமாக நின்றாள்.

அண்ணி செருப்புகூட மாட்டாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலில் கைத்தடியார்.

யார் வீட்டுப் படியும் மிதிக்காதவர், மாடி ஏறி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். எட்டி வாலுவைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க?" என்று எரிந்து விழுந்தார். "அப்புறம் இன்னைக்கு ஏன் தட்டல?"