பதினேழு கேள்விகள்

"லாரியை எண்ணினது நீங்களா, இல்ல கூலிக்கு ஆள் வச்சு எண்ணினீங்களா?"

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இது ஒன்பதாவது கேள்வி. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நான்தான் சார் எண்ணினேன். மூணு மாசம். ஆலை கேட்டுக்கு எதிர்ல டீக்கடையில உட்கார்ந்து."

"எழுதிக்கோங்க," என்றார் தேர்வாளர், பக்கத்திலிருந்த துறை கிளார்க்கிடம். "ஒரு வார்த்தை விடாம எழுதணும்."

தேர்வாளர் வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்த பேர் தேள். பேர் வைத்தவர்கள் தப்பே பண்ணவில்லை.

பதில் சொல்லிக்கொண்டு நின்றவள் அக்கா தங்கை இருவரில் இளையவள். எட்டு வருஷ உழைப்பு. எவ்வளவு கரி எரிக்கிறோம், எவ்வளவு மிச்சம் பிடிக்கிறோம் என்று கம்பெனிகள் ஊருக்குச் சொல்வதில் எத்தனை நிஜம், எத்தனை புருடா என்பதுதான் அவள் ஆராய்ச்சி. நிரந்தர விரிவுரையாளர் வேலை கிட்டத்தட்டக் கிடைத்த மாதிரிதான். ஆனால் மாசக் கடைசிக்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும். இன்றைக்குக் கோட்டை விட்டால் வேலை அடுத்தவருக்கு. வயசு நாற்பத்தொண்ணு. இன்னொரு வாய்ப்பு வரும் என்று பொய்க்குக்கூட அவளால் நினைக்க முடியவில்லை.

அவள் கண்டுபிடித்தது இதுதான். ஒரு பெரிய சிமெண்ட் கம்பெனி, 'நிலக்கரிச் செலவைப் பாதியாகக் குறைத்துவிட்டோம்' என்று பளபளவென்று அறிக்கை போட்டு, விருதும் வாங்கிக்கொண்டது. நிஜத்தில் பாதிச் சூளை வேலையைப் பக்கத்துச் சின்ன ஆலையின் தலையில் கட்டியிருந்தது. அந்தச் சின்ன ஆலைக்குள் போகும் கரி லாரிகளை எண்ணித்தான் அவள் அதைப் பிடித்தாள். கரி எரிவது அங்கே, கைத்தட்டல் இங்கே. நல்ல கூத்து!

அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவரும் முன்வரிசையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய்மொழித் தேர்வைப் பார்க்க யார் வேண்டுமானாலும் வரலாமே. களுக்கென்று சிரித்ததும் அவர்தான்.

"லாரி காலியா வந்திருந்தா?" பத்தாவது கேள்வி.

"எடைமேடைச் சீட்டு எல்லாத்துக்கும் நகல் வச்சிருக்கேன் சார்."

"அதெப்படி உங்க கைக்கு வந்தது? திருடினதா?"

கடைசி வரிசையில் அக்காவின் நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். தங்கை ஜெயிப்பதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கோபம் அவளுக்கு எப்போதும் மூக்கு நுனியில்.

இளையவளுக்கும் அந்த ரத்தம்தானே. "திருடலை சார்!" என்றாள். குரல் தானாக உயர்ந்தது. "எடைமேடைக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்ட கடிதம் இருக்கு. இருநூத்திப் பதினாலாம் பக்கம். படிச்சுப் பாருங்க."

"எழுதிக்கோங்க."

மிச்சக் கேள்விகளும் இப்படியே. மழைநாளில் எண்ணினாயா, உடம்பு சரியில்லாத நாளில் யார் எண்ணியது, கம்பெனி மேல் சொந்தப் பகை உண்டா என்று குடைந்து எடுத்துவிட்டார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பக்க எண்ணோடு பதில் சொன்னாள். துறைத் தலைவர் மட்டும் நடுநடுவே தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி, "பதட்டப்படாதீங்கம்மா, நானிருக்கேன்ல," என்றார். அந்த நல்ல மனுஷன் இல்லையென்றால் அங்கேயே அழுதிருப்பாள்.

பதினேழாவது பதில் முடிந்ததும் தேள் கண்ணாடியைக் கழற்றினார்.

"பட்டம் வழங்கலாம்னு பரிந்துரைக்கிறேன்."

அப்பாடா! இளையவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். கம்பெனி அதிகாரி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.

ஆனால் அக்கா விடுவாளா? வாசலில் காரில் ஏறப்போன தேர்வாளரை மறித்துக்கொண்டாள்.

"சார், ஊசி போடறதா இருந்தாக்கூட நாங்க ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போடுவோம். நாலு பேர் முன்னாடி 'திருடினதா'ன்னு கேக்கறீங்களே, நீங்களும் அக்கா தங்கச்சியோட பிறந்தவர்தானே?"

"அக்கா, சும்மா இரேன்!"

அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து இளையவளிடம் நீட்டினார். "போன வாரம் உங்க யூனிவர்சிட்டிக்கு வந்தது. இனிமே நீங்க பார்க்கலாம்."

கம்பெனி வக்கீல் எழுதிய கடிதம். ஆராய்ச்சியில் பதினேழு குறைகள் இருக்கின்றனவாம், பட்டம் கொடுத்தால் கோர்ட்டுக்குப் போவார்களாம். ஒவ்வொன்றாகப் படித்தாள். அத்தனையும் சற்றுமுன் அவள் பதில் சொன்ன கேள்விகள். வரிசைகூட மாறவில்லை.

"அப்போ நீங்க கேட்டதெல்லாம்..."

"அதுல என் கேள்வி ஒண்ணுகூட இல்லம்மா. நான் ரெண்டு தரம் படிச்சேன். எனக்குக் கேக்கறதுக்கு எதுவும் இல்ல. இந்தக் கடிதம் வந்ததும் உங்க துறைத் தலைவர், எதுக்கு வம்பு, தேர்வை ஆறு மாசம் தள்ளிப் போட்டுடலாம்னார். நான்தான் ஒத்துக்கலை. இன்னிக்கே வைங்க, இதையெல்லாம் நானே கேக்கறேன்னு சொல்லிட்டேன்."

அக்கா அப்போதும் விடவில்லை. "அதை இவகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?"

"வக்கீல் கேள்வின்னு தெரிஞ்சிருந்தா பயந்து பயந்து பதில் சொல்லியிருப்பாங்க. இப்போ என் மேல இருக்கற கோபத்துல அடிச்சுப் பேசினாங்க பாருங்க, அதுதான் பதில். பதினேழும் பதிவாயிடுச்சு. அந்த அதிகாரியும் கூடவே உட்கார்ந்து கேட்டாச்சு."

இளையவளுக்கு நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"அவங்க நிஜமாவே கோர்ட்டுக்குப் போனா சார்?"

தேள் காரில் ஏறிக் கதவைச் சாத்தி, ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தாராளமாப் போகட்டும்மா. அங்கே போய்க் கேக்கறதுக்கு அவங்ககிட்ட ஒரு கேள்விகூட மிச்சம் வைக்கலை நான்."