பதினான்கு அம்புகள்

பிற்பகல் வெயில் கணினித் திரையில் விழாதபடி ஜன்னல் மறைப்பை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள் ஆராய்ச்சி மாணவி. திரையில் பதினைந்து மங்கலான புள்ளிகள். ஒன்றைச் சட்டைக்கையால் துடைத்ததும் போய்விடுகிறது, தூசி. மீதிப் பதினான்கும் பால்வீதியின் வெளி விளிம்பில் இதுவரை யாரும் கண்டிராத விண்மீன் கூட்டமாக இருக்கலாம். வெவ்வேறு தொலைவில் இருந்துகொண்டு, தற்செயலாக ஒரே இடத்தில் தெரிபவையாகவும் இருக்கலாம். போன வருடம் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்ததாக துறையில் அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தாள். அந்தப் புள்ளிகள் பால்வீதிக்கு வெளியே உள்ள தொலைதூரத்துக் கேலக்ஸிகள் என்று மறுவாரமே தெரிந்துவிட்டது. இதுவும் ஏமாற்றிவிட்டால் யார் முன்னாலும் தலைகாட்ட முடியாது. போன வருட அறிவிப்பிலிருந்து பக்கத்து மேசை அக்காவுக்கு அவள் கொலம்பஸ். “என்ன கொலம்பஸ், கரை தெரியுதா?” என்கிறாள் அக்கா. “எல்லாம் ஒரே பக்கம் நகருதான்னு பார்க்கணும்க்கா.” “நகரலைன்னா?” “பஸ் ஸ்டாப்ல நிக்கிறவங்க மாதிரிதான். பக்கத்துல நின்னாலும் சொந்தம் இல்ல.” விசையைத் தட்டுகிறாள். கணினி பல வருடப் படங்களை ஒப்பிட, ஒவ்வொரு புள்ளியிலும் அது நகரும் திசையில் ஓர் அம்பு முளைக்கிறது. முதலாவது இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்குகிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நேர் எதிர்த்திசையில் போகிறது. அவள் நகத்தைக் கடிக்கிறாள். நான்காவது, ஐந்தாவது, ஆறாவது... நாற்காலிச் சக்கரங்கள் கிறீச்சிட அக்கா உருண்டு வருகிறாள். பதினான்கில் பன்னிரண்டு அம்புகள் வாரிவிட்ட தலைமுடிபோல ஒரே பக்கம் படிந்திருக்கின்றன. அக்கா கிண்டலை மறந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறாள். “ஒரே குடும்பம்டி. போய்ச் சொல்லு எல்லார்கிட்டயும்.” “சொல்றேன்க்கா” என்கிறாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. அந்தப் பன்னிரண்டு பேரும் ஒன்றாக எங்கே கிளம்பியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.