சார்ஜ் நிற்கிறது

"சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது தம்பி," என்று மேஸ்திரி தனுஷ்கோடி போனை நீட்டினார். என் செல்போன் கடைக்கு வருகிற எல்லோரும் சொல்வதுதான். பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பதினோரு ஆப்களையும் கட்டைவிரலால் வழித்துத் தள்ளினேன். பதினைந்து வருஷமாக யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை.

"இனிமே ரெண்டு நாள் நிக்கும்ணே."

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "அதுல ஒண்ணுதான் தம்பி என் இதயத்த ஓட்டுது..." என்றவர் அப்படியே சரிந்தார்.

அந்த ஆப்பைத் தேடித் திறந்தேன். மறுபடி ஓட, உரியவரின் கண்ணைக் காட்டச் சொன்னது. தரையில் கிடந்தவரின் இமையை விரித்துப் பிடித்தேன். மூன்று முறை காட்டியும் திரையில் ஒரே வரிதான் வந்தது: 'உயிருள்ள கண் தேவை.'

போலீஸ் வந்து போனை வாங்கும்வரை சார்ஜ் ஒரு பர்சென்ட்கூட இறங்கவில்லை.