முன்னறையில் ஒரு மணி நேரம்

"உங்க மனைவி இங்கதான் வந்திருக்காங்க. உட்காருங்க, பேசிக்கலாம்."

பெரியக்கா இப்படிச் சொன்னதும், பக்கத்தில் நின்றிருந்த ஆலோசகர் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் இந்த இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வாரம்தான் ஆகிறது. யார் வந்து கேட்டாலும், ஒரு பெண் இங்கே இருக்கிறாள் என்று சொல்லிவிடக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்த விதி அது. எழுதியதே பெரியக்காதான்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் பேராசிரியர் வேலையை உதறிவிட்டு, தன் பங்குக்கு வந்த வீட்டை அடிபட்ட பெண்களுக்கான இல்லமாக மாற்றியவர் அவர். முதல் வருடம் நான்கே பேர். இன்று மூன்று கட்டடங்கள், சொந்தமாக வக்கீல்கள். அவர் மேடையில் பேசியதைக் கேட்டுத்தான் இவள் இந்த வேலைக்கே வந்தாள்.

காலையில் வந்த அந்த இளம்பெண்ணின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. வீட்டு முன்பக்கமே கணவனின் கடை. இரண்டு வயது மகளோடு அவளை வாசல் தாண்ட விடமாட்டானாம். மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஓடி வந்திருக்கிறாள்.

பாதி விவரம் எழுதுவதற்குள் பெரியக்கா இவளை மாடிக்கு அனுப்பி, ஏதோ பழைய கோப்பைத் தேடச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தால் முன்னறையில் அந்தக் கணவன். கூடவே அவன் அம்மா.

பெரியக்கா இருவருக்கும் டீ வரவழைத்தார். கடை எப்படிப் போகிறது என்று அவனை விசாரித்தார். பெண்டாட்டிக்கு வாய் அதிகம், வீட்டில் ஒரு வேலை ஒழுங்காகச் செய்வதில்லை என்று அவன் அடுக்கிக்கொண்டே போக, தலையாட்டிக் கேட்டார். நடுவே, "உங்க கஷ்டமும் புரியுது" என்றார்.

ஆலோசகர் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் ஓய்ந்த இடத்தில் அவன் அம்மா பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து ஒன்று விடாமல் மருமகளைத் திட்டித் தீர்த்தார். குரல் தெரு வரைக்கும் கேட்டிருக்கும்.

"புருஷன் கை ஓங்காத வீடு எங்க இருக்கு? நான் வாங்காத அடியா? நான் இப்படி ஓடிப் போனேனா?"

"பொறுமையா சொல்லுங்கம்மா, நேரம் இருக்கு" என்றார் பெரியக்கா.

முக்கால் மணி நேரம் போனது. அவன் சட்டென்று எழுந்தான்.

"போதும். அவளை வெளிய வரச் சொல்லுங்க. இல்லைன்னா நானே உள்ள போறேன்."

கதவருகே இருந்த காவலாளி நிமிர்ந்தார். ஆலோசகர் பெண் உள்கதவை மறித்து நின்றாள். அவன் இரண்டடி வைத்திருப்பான். அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். தலை சுற்றுகிறது, தண்ணீர் வேண்டும் என்றார். அவன் எரிச்சலோடு திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நல்ல நாடகம் என்று இவள் மனசுக்குள் கறுவினாள்.

அவர் தண்ணீர் குடித்து, காற்று வாங்கி, ஒரு வழியாக நிமிர்ந்தபோது பெரியக்காவின் போன் அடித்தது. "சரி" என்று ஒரே சொல். வைத்துவிட்டார். முகம் மாறியிருந்தது.

"உங்க மனைவி இங்க இல்ல. போலீஸ் துணையோட உங்க வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்ல இருந்த குழந்தையையும் தன்னோட சர்டிபிகேட்டையும் எடுத்துக்கிட்டு வேற இடத்துக்குப் போயிட்டாங்க. இனிமே எங்க வக்கீல்தான் உங்ககிட்ட பேசுவாங்க."

டீ கிளாஸ் சுவரில் பட்டுச் சிதறியது. காவலாளி அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அவனுக்கு மேல் கத்தியது அவன் அம்மாதான். நீங்களெல்லாம் நாசமாய்ப் போவீர்கள் என்று சபித்துக்கொண்டே மகனின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

ஆலோசகர் பெண் பெரியக்காவின் அருகே வந்தாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா. உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். வேலையை விட்டுடலாம்னுகூட நினைச்சேன்."

"உன் முகத்துக்குப் பொய் சொல்ல வராது. அதான் உன்கிட்ட சொல்லல" என்றபடி பெரியக்கா குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்.

இவளும் குனிந்தாள். மனசு ஆறவில்லை.

"அவனையாவது விடுங்க. அந்தம்மா! ஒரு பொம்பளையா இருந்துக்கிட்டு எப்படி அவங்களால அப்படிப் பேச முடியுது?"

பெரியக்கா வாசலைப் பார்த்தார். தெருக்கோடியில் அந்தக் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து எனக்குப் போன் பண்ணினதே அவங்கதான். 'குழந்தையைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு, நான் அவனை அங்க கூட்டிட்டு வந்து உட்கார வைக்கிறேன், அதுக்குள்ள ரெண்டு பேரையும் காப்பாத்திடுங்க'ன்னாங்க. நீங்களும் வந்துடுங்கம்மான்னு கெஞ்சினேன். 'நானும் வந்துட்டா அவனைப் பிடிச்சு வைக்க ஆள் இல்ல, அவளைத் தேடப் போயிடுவானே'ன்னுட்டாங்க."